பூகோளப் பட்டப்படிப்பும் களப் பயிற்சியும்

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பூகோளம் பயில வரும் மாணாக்கருள் பலர், அது ஆறுகளின் நீளத்தையும் நகரங்களின் பெயர்களையும் மனனம் செய்யும் பாடம் என்ற எண்ணத்துடனேயே வருகின்றனர். ஒரு பல்கலைக்கழகம் அதனைக் கலைப் பாடமாகக் கொண்டு பி.ஏ. பட்டம் அளிக்கின்றது, மற்றொன்று விஞ்ஞானமாகக் கருதி பி.எஸ்ஸி. பட்டம் அளிக்கின்றது. பட்டத்தின் பெயர் எதுவாயினும், மூன்றாண்டுகளோ, 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்தவாறு நான்காண்டுகளோ பயின்று வெளிவருபவர், ஒரு நிலப்பரப்பின் முன் நின்று அதன் இயல்பைப் படித்தறிய வல்லவரா என்பதே கேட்கத்தக்க வினாவாகும்.

இவ்வாற்றல் எத்துணை இன்றியமையாதது என்பதற்குக் கோசி நதியே சான்று. வண்டலை மிகுதியாகச் சுமந்து வரும் அந்நதி, இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், வட பீகாரில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் மேற்கு நோக்கி நகர்ந்தது. 1950களில் அதன் இருமருங்கும் கரைகள் எழுப்பப்பட்டன. கரைகளுக்கிடையே வண்டல் படிந்து ஆற்றுப்படுகை உயர்ந்தது. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், நேபாளத்திலுள்ள குசகா என்னுமிடத்தில் கிழக்குக் கரை உடைந்தது. கரைகள் தாங்குமெனக் கணக்கிட்ட அளவினும் மிகக் குறைந்த நீரே அன்று ஆற்றில் ஓடிற்று. வெளியேறிய வெள்ளம், நெடுங்காலம் வறண்டு கிடந்த பழைய வாய்க்கால்களின் வழியே பாய்ந்தது. அவற்றின் மீது வீடு கட்டி வயல் உழுது வாழ்ந்த மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர நேர்ந்தது.

இப்பழைய வாய்க்கால்களை வகுப்பறையில் மட்டும் இருந்துகொண்டு அறிய இயலுமா? 50,000இல் ஒரு பங்கு அளவுடைய தலப்படங்களில் சம உயரக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுகின்றன. கோசிச் சமவெளியிலோ, நிலத்தின் சரிவு மிகச் சிறிது. ஓரிரு மீட்டர் ஆழமுள்ள பள்ளம் இரு கோடுகளுக்கிடையே மறைந்துபோம். ஆயினும் அங்கு நடந்து செல்பவர் காலடியில் மணல் மிகுவதை உணர்வர். நீரோட்டம் ஒன்றைக் குறிக்கும் ‘தார்’ என்னும் சொல் அவ்வட்டாரத்து ஓடைகளின் பெயர்களில் வழங்குவதைக் கேட்பர். எந்தத் தாழ்விடத்தில் நீர் முதலில் தேங்கும் என்பதை முதியோர் சொல்லித் தெரிந்துகொள்வர்.

செயற்கைக்கோள் யுகத்தில் இவ்வளவு உழைப்பு எதற்கு எனச் சிலர் வினவலாம். 1988இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணில் ஏவப்பட்டது முதல் நம் நாட்டின் நிலப்பரப்பு வானிலிருந்து இடைவிடாது படம் பிடிக்கப்பட்டு வருகின்றது. தேசப்படத் தகவல்களைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் இருந்த கட்டுப்பாடுகள் 2021இல் பெரிதும் தளர்த்தப்பட்டன. இவை பெரும் பேறுகளே. பழைய நதித் தடங்களை அப்படங்கள் காட்டவும் செய்கின்றன. ஆனால் படத்தில் தெரியும் ஒரு நிறம் நெல் வயலா, புல் மண்டிய சதுப்பா என்பதைக் களத்தில் சரிபார்த்தாலன்றி உறுதி கூற இயலாது. தூர உணர்வு விஞ்ஞானமே இச்சரிபார்த்தலைத் தன் முறைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. களத்தைக் காணாமல் கணிப்பொறியை மட்டும் இயக்கக் கற்றவர், தம் படத்திலுள்ள பிழையைத் தாமே கண்டறியும் வழியற்றவராவர்.

பல கல்லூரிகளில் களப் பயிற்சி, ஆண்டுக்கொருமுறை செல்லும் இன்பச் சுற்றுலாவாகக் குறுகிவிட்டது. தொலைவிலுள்ள மலைவாசஸ்தலத்தைக் கண்டு திரும்பி, முந்தைய ஆண்டின் அறிக்கையைப் பெயர்த்தெழுதுவதால் விளையும் பயன் யாது? கல்லூரியை அடுத்துள்ள ஒரே கிராமத்தை, மாரிக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அளந்து, கிணற்று நீர்மட்டத்தையும் மண்ணையும் பயிரையும் குறித்துப் படம் வரைவது செலவு குறைந்தது, பயன் மிகுந்தது. அடுத்த ஆண்டு மாணாக்கர் அப்பணியைத் தொடர்வாராயின், சில ஆண்டுகளில் அக்கிராமத்திற்கே உதவும் பதிவேடு ஒன்று உருவாகும்.

இதற்கு ஆசிரியரின் ஊக்கம் மட்டும் போதாது. நீர்ப்பாசனம், வேளாண்மை, நிலத்தடி நீர் ஆகிய துறைகளின் களப் பணியாளர்கள், தம் பணியிடத்திற்கு வரும் மாணாக்கரை இடையூறாகக் கருதாது உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். கரை கட்டுவதும் கிணறு தோண்டுவதும் குடியிருப்புக்கு இடம் தேர்வதும் நாளை அவ்விளைஞர் கைகளில் வரலாம். அன்று அவர்கள் கையிலுள்ள படத்தை மட்டும் நம்புவரா, காலடியிலுள்ள நிலத்தையும் உசாவுவரா என்பது இன்று பெறும் பயிற்சியைப் பொறுத்ததாகும்.