சவரக்கத்தி கற்போருக்கு ஒரு விண்ணப்பம்

அண்மைக் காலமாக நம் பெருநகரங்களில் படித்த இளைஞர் சிலர் மடக்குச் சவரக்கத்தியைக் கையில் எடுத்திருக்கின்றனர். காணொளிகளைப் பார்த்துப் பழகுகின்றனர். 'மறைந்துபோன கலை' என்று போற்றுகின்றனர். கற்பதில் எனக்கு மறுப்பில்லை. 'மறைந்துபோன' என்னும் சொல்லில்தான் மறுப்பு. இந்நாட்டில் அக்கலை ஒருநாளும் மறையவில்லை. அதனை அறிந்த கைகளுக்கு உரிய மதிப்பைத்தான் நாம் தர மறுத்தோம்.

அது எளிய வித்தை அன்று. தீட்டும்போது கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருங்கே சாணைக்கல்லில் படியவேண்டும். தோல்வாரில் இழுக்கையில் முதுகு முன்செல்ல, விளிம்பு பின்தொடர வேண்டும். திசை மாறினால் வாரும் கிழியும், கூரும் கெடும். முகத்தில் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வு வேண்டும். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க, மறுகையிலுள்ள கத்தி அழுத்தமின்றி நகரவேண்டும். தம் முகத்தில் இதைச் செய்யவே புதியவர்க்குப் பல வாரங்கள் ஆகின்றன. முடிதிருத்துபவரோ அறிமுகமற்ற ஒருவரின் தொண்டைமீது அன்றாடம் இதைச் செய்கிறார். நோய்த்தொற்று அச்சத்தால் இன்று பெரும்பாலான கடைகளில் மாற்றத்தக்க பிளேடு செருகிய கத்தியே வழங்குகிறது. சாணையும் வாரும் விலகினாலும், சாய்வும் கைந்நிதானமும் அவரிடம் அப்படியே உள்ளன.

இந்தியாவில் இவ்வித்தையை யார், எதற்காகக் கற்றனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். இங்கிலாந்து செல்வோர் எல்லாரும் தாமே சவரம் செய்துகொள்ளவேனும் கற்றுக்கொள்கின்றனர் என்று காந்தி தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். அவர் அங்கே படித்த காலத்தில் ஜில்லெட்டின் பிளேடு இல்லை. அது விற்பனைக்கு வந்ததே 1903இல்தான். அம்பேத்கரின் இல்லத்தில் நிகழ்ந்த கற்றலோ வேறு வகை. சாதாராவில் நாவிதர் பலர் இருந்தனர். கூலி கொடுக்கக் குடும்பத்துக்கு வசதியும் இருந்தது. ஆயினும் தீண்டப்படாதவர் என்று எவரும் அவர்களுக்குச் சவரம் செய்யவில்லை. ஆகவே அவருடைய தமக்கை உடன்பிறந்தோரின் தலையிலேயே பழகித் தேர்ந்த கைகாரர் ஆனார். ஒருவருக்குக் கற்றல் பயணத்தின் தேவை. மற்றவருக்கு அது மறுக்கப்பட்ட கதவின் விளைவு.

பிரிட்டோரியாவில் வெள்ளையர் ஒருவர் காந்திக்கு முடிவெட்ட மறுத்தார். காந்தி அவர்மீது சினம் கொள்ளவில்லை. கறுத்தவருக்குப் பணிசெய்தால் அவருடைய வாடிக்கையாளர் விலகிவிடக்கூடும். நம் நாட்டிலும் தீண்டப்படாதவருக்குப் பணிசெய்ய நாவிதரை நாம் விடுவதில்லையே என்று அவர் எண்ணினார். கத்தியைப் பிடித்தவர் ஒருவர். அது யார் முகத்தைத் தொடலாம் என்று விதித்தவர் வேறொருவர் என்பதை அவர் கண்டுகொண்டார். அவ்விதியை மீறிய நாவிதரும் உண்டு. 1890இல் மும்பையில், சத்தியசோதக் இயக்கத்தவரான நாராயண் மேகாஜி லோகண்டேயின் முன்முயற்சியில் நாவிதர் கூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று உறுதி பூண்டனர். அறிஞர் பலர் ஏட்டில் வாதாடிக்கொண்டிருந்த கொடுமைக்கு எதிராக அவர்கள் தம் கத்தியை மடக்கிவைத்தனர்.

இவை பழங்கதைகள் அல்ல. பணி மறுப்பதை 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமே தண்டனைக்குரியதாக்கியது. ஆயினும் குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்து ஆல்வாடா என்னும் சிற்றூரில், தலித் மக்கள் உள்ளூர்க் கடையில் முதன்முறையாக முடிவெட்டிக்கொண்டது 2025 ஆகஸ்டில் செய்தியானது. மறுபுறம், இத்தொழில் செய்வோரின் பெயரே வசையாகப் புழங்குகிறது. 2009இல் முடிதிருத்துவோரின் எதிர்ப்பை அடுத்து, 'பில்லு பார்பர்' என்னும் இந்தித் திரைப்படம் தலைப்பிலிருந்து 'பார்பர்' என்ற சொல்லை நீக்கவேண்டியதாயிற்று. ஒரே கத்தி, பொழுதுபோக்காகப் பிடிப்பவருக்குப் பெருமையையும், பிழைப்புக்காகப் பிடிப்பவருக்கு இழிவையும் தருமாயின், குறை கத்தியில் இல்லை.

பிறப்பு விதித்த தொழிலைப் பிறப்பு விதிக்காதவர் விரும்பிக் கற்பது நல்லது. சாதியின் கட்டு அவ்வாறும் சிறிது தளரக்கூடும். ஆனால் ஆசிரியரை மறைத்துவிட்டுக் கலையை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்தக் கட்டும் தளராது.

ஆகவே கற்க விரும்பும் நண்பர்களே, அயல்நாட்டுக் காணொளிக்கு முன் உங்கள் தெருவிலுள்ள கடைக்குச் செல்லுங்கள். அங்கிருப்பவரிடம் கற்றுத்தருமாறு கேளுங்கள். இசைக்கும் நடனத்துக்கும் கொடுப்பதுபோல் கட்டணம் கொடுங்கள். ஆசிரியர் என்றே அழையுங்கள். சொந்த ஊருக்குச் செல்கையில், அங்குள்ள நாற்காலியில் எல்லாரும் அமர முடிகிறதா என்றும் விசாரியுங்கள். முடியாதெனில், நாம் முதலில் கற்கவேண்டியது சவரம் அன்று.