அந்த வருடங்களுக்கும் பேர் போடுங்கள்

அப்புத்தளை உறவுகளே!

2015இல் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமனம் பெற்றது ஞாபகம் இருக்கும். பலர் உயர்தரம் படித்த நம் லயத்துப் பிள்ளைகள். மாதக் கொடுப்பனவு 6000 ரூபா, பிறகு 10,000. பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்குமே அது காணாது. கலாசாலைப் பயிற்சி முடித்த பிறகுதான் ஆசிரியர் சேவையில் 3-II தரத்துக்கு எடுத்தார்கள்.

பதவியுயர்வு என்று வரும்போது சேவைக்காலத்தை அந்தத் திகதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள். அதற்கு முன் படிப்பித்த வருடங்கள் கணக்கிலேயே இல்லை.

கொழுந்து கிலோ குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேராவது விழும். டீச்சரான மகள் வருடக்கணக்கில் முழு வேலை செய்தும் ஒரு பேரும் இல்லை!

"அப்போது அவர்கள் பயிற்சி பெறவில்லையே" என்கிறார்கள். அப்படியென்றால் நேரசூசியில் ஏன் முழுப் பாடவேளை போட்டீர்கள்? புலமைப்பரிசில் வகுப்பை ஏன் கையில் கொடுத்தீர்கள்? வகுப்புக்கு ஆசிரியர், சம்பளத்துக்கு உதவியாளரா?

பெற்றோரே, இது எங்கள் பிரச்சினை மட்டுமல்ல. அதிபர் சேவைக்கும் சேவைக்காலம் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் பின்தங்கினால் நம் பாடசாலைகளுக்கு நம்மவர் அதிபராக வருவதும் பின்தங்கும்.

வேலை வாங்கிவிட்டுக் கூலியை மறுப்பது எந்த மார்க்கத்திலும் நியாயமில்லை. ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, மாகாணக் கல்வி அமைச்சுக்கும் மத்திய கல்வி அமைச்சுக்கும் அனுப்புங்கள். வாக்குக் கேட்டு லயத்துக்கு வருபவர்களிடமும் இதை முதலில் கேளுங்கள். நாங்கள் கேட்பது சலுகை அல்ல, செய்த வேலைக்குரிய கணக்கு.