மருத்துவ மாணவர் மடியில் கணினி, நாவில் எம்மொழி?

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், முன்னாளில், வெள்ளை மேலுடையும் நெஞ்சொலிமானியும் எலும்புத் தொகுதியும் எங்கே வாங்குவது என்று வினவுவர். இற்றை நாளில் அவற்றுக்கும் முன்னே நிற்கும் வினா, 'எந்தக் கணினி வாங்குவது?' என்பதே. விசைத்தறியும் பின்னலாடையும் காரிக்கிழமைக் கூலியுமாக வாழும் குன்னத்தூர் போலும் ஊர்களில் இது வீண் ஆசையின் வினா அன்று. நகையை அடகு வைப்பதா, வட்டிக்கு வாங்குவதா என்னும் வினாவும் அதனோடு ஒட்டியே வருகின்றது.

இவ்வினா நம் ஊர்களில் இன்று மிகுந்து எழுவதற்குக் காரணம் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீடு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு வந்தது. அவர்தம் கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில், ஏனைப் பத்துக் கல்லூரிகளோடு திறந்து வைக்கப்பெற்றது. அண்டையிலுள்ள பெருந்துறையில், போக்குவரத்துக் கழகத் தொழிலாளர் பங்களிப்பால் எழுந்த கல்லூரியும் இன்று அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகின்றது. ஆகவே, தமிழிலேயே பன்னிரண்டு ஆண்டு பயின்ற தறித்தொழிலாளி மகளும் இன்று மருத்துவக் கல்லூரி வாயிலில் நிற்கின்றாள். கட்டணச் சுமை நீங்கிற்று. கருவிச் சுமையும் மொழிச் சுமையும் நீங்கவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

முதற்கண், கருவி. மருத்துவ மாணவர் கணினியில் செய்யும் வேலை பெரும்பாலும் படிப்பது, எழுதுவது, படம் காண்பது, விரிவுரை கேட்பது ஆகியவையே. இதற்கு 8 கிகாபைட்டு நினைவகமும், 256 அல்லது 512 கிகாபைட்டுத் திண்மச் சேமிப்பகமும் உடைய எளிய மடிக்கணினி போதும். விளையாட்டுக்கென்றே ஆக்கப்பெற்ற வரைகலை அட்டை வேண்டுவதில்லை. அதற்கெனக் கடைக்காரர் கேட்கும் மிகைவிலையைத் தருவது வீணே. விடுதிக்கும் வகுப்பிற்கும் நாள்தோறும் சுமக்க வேண்டியதாகலின் எடை குறைவாகவும், மின்கலம் நெடுநேரம் நிற்பதாகவும் இருத்தல் வேண்டும். குறிப்புகளுக்கு மற்றொரு படியைத் தனிச் சேமிப்பகத்தில் வைத்தல் இன்றியமையாதது. ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் அழிந்து போவதுண்டு. கைப்பேசி ஒன்றே போதும் என்பாரும் உளர். உடற்கூற்றுப் படங்களை உள்ளங்கையளவுத் திரையில் ஆண்டு முழுவதும் உற்றுநோக்கினால் கண்தான் கெடும்.

அடுத்து, மென்பொருள். இங்கே பெற்றோர் அறிய வேண்டியது, விலை கொடாமலே பெறத்தக்கவை மிகப்பல என்பதாம். எழுதவும் கணக்கிடவும் 'இலிபர் ஆபீசு' உண்டு. அதன் முகப்பைத் தமிழிலேயே அமைத்துக் கொள்ளலாம். மறந்து போகும் நேரம் பார்த்து மீண்டும் மீண்டும் வினாவி நினைவில் நிறுத்தும் 'ஆங்கி' என்னும் வினாவட்டை மென்பொருளைக் கணினியிலும் ஆண்டிராய்டு கைப்பேசியிலும் கட்டணமின்றிப் பெறலாம். ஆப்பிள் கைப்பேசிக்குரியதற்கே விலை உண்டு. அமெரிக்க இரைசு பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்சுடாக்சு' உடற்கூற்றியலும் உடலியங்கியலும் பற்றிய முழு நூலையே யாவர்க்கும் திறந்து வைத்துள்ளது. முப்பருமான உடற்கூற்றுப் படங்கள் கட்டணத்தோடும் உள; கட்டணமின்றியும் உள. ஆயினும் அறுத்துப் பார்க்கும் மேடையில் கையும் கண்ணும் கற்பதை எந்தப் படமும் கற்பியாது. பூட்டுடைத்த திருட்டு மென்பொருள்களை மட்டும் தொடவே கூடாது. அவற்றோடு நச்சுநிரலும் கணினிக்குள் புகுந்துவிடும்.

இத்தனையும் வாங்கிய பின்னரும் அக்கணினியில் தமிழ் இல்லையெனில் அது அரைக்கருவியே. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை நமக்கு வாய்த்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமைந்த அதனை ஒரு கிழமை பழகினாலே கைவந்துவிடும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியையும் ஏற்றது. இன்று விசைப்பலகைக்கும் எழுத்துருவிற்கும் ஒரு காசும் தர வேண்டுவதில்லை. சொல் தேடுவார்க்கு, பாவாணர் 1974இல் முதல் இயக்குநராய்ப் பொறுப்பேற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்ட இயக்ககத்தின் 'சொற்குவை' தளம் உள்ளது. பின்னும் மருத்துவ மாணவர் கணினியில் தமிழ் ஏன் இல்லை? வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை, அதனால் இல்லை!

'தேர்வு ஆங்கிலத்தில், நூல்கள் ஆங்கிலத்தில், தமிழ் எதற்கு?' என்பார்க்கு விடை கூறுவோம். தேர்வு ஆங்கிலத்தில் எழுதுக; அதை நாம் தடுக்கவில்லை. ஆனால் நோயாளர் எம்மொழியில் நோகின்றார்? பஞ்சாலைத் தொழிலாளர்க்குப் பஞ்சுத்தூசால் வரும் 'பிசினோசிசு' என்னும் நுரையீரல் நோயை எடுத்துக் கொள்க. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல்நாளில் நெஞ்சு இறுகுவதே அதன் தொடக்க அடையாளம். 'லீவு முடிஞ்சு மில்லுக்குப் போனா அன்னிக்குத்தானுங்க நெஞ்சைப் புடிக்குது' என்று தொழிலாளி சொல்லும் ஒரு சொற்றொடரிலேயே நோயின் வழி திறக்கின்றது. அதைக் கேட்கவும், கேட்டறிந்து மேலும் வினவவும் மருத்துவர்க்குத் தமிழ் வேண்டும். படபடப்பு வேறு, கிறுகிறுப்பு வேறு, மதமதப்பு வேறு. மூன்றையும் ஒன்றாகக் குறித்துக் கொள்ளும் மருத்துவரின் மடியில் எத்தனை விலையுயர்ந்த கணினி இருந்தென்ன?

ஆகவே, முதலாண்டு மாணவர்க்கு ஓர் எளிய வழி கூறுவோம். ஆங்கியில் ஆக்கும் ஒவ்வோர் அட்டையிலும் மூன்று வரி எழுதுக. முதல் வரியில் நூலிலுள்ள ஆங்கிலச் சொல். இரண்டாம் வரியில் தூய தமிழ்ச்சொல். மூன்றாம் வரியில் நம் மக்கள் வழங்கும் சொல். 'வெர்ட்டிகோ', 'தலைச்சுற்றல்', 'கிறுகிறுன்னு வருது' என்றாற்போல நாளுக்குப் பத்து எழுதினாலும் ஓராண்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அட்டைகள் சேரும். தமிழ்வழி வந்த மாணவர்க்கு ஆங்கிலச் சொல் அச்சம் தீரும். ஆங்கிலவழி வந்தவர்க்கு நோயாளர் மொழி கைகூடும். நோயாளரின் பெயரையோ படத்தையோ அவ்வட்டைகளிலும், செய்யறிவு மென்பொருள்களிலும் இடுதல் மட்டும் அறவே ஆகாது.

தமிழில் மருத்துவம் புகாது என்பார் யாழ்ப்பாணத்தை எண்ணுக. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, வேதியியல் நூல்களைத் தமிழாக்கினார். அவர் ஆண்ட சொற்களில் வடசொல் மிகுதியே. ஆயினும் கணினியோ மின்விளக்கோ இல்லாத நாளில் ஓர் அயலவர் செய்த பணி அது. 2022 அக்குதோபரில் மத்தியப் பிரதேசம் மருத்துவ முதலாண்டு நூல்களை இந்தியில் வெளியிட்டது. ஆங்கிலச் சொற்களையே இந்தி எழுத்தில் எழுதிவிட்டனர் என்ற குறைகூறல் உடனே எழுந்தது. எழுத்தை மட்டும் மாற்றுவது மொழியாக்கம் ஆகாது என்னும் பாடம் நமக்கும் உரியதே.

இனி, செய்ய வேண்டுவன. 20 இலக்கம் கல்லூரி மாணவர்க்குக் கணினி வழங்கப்படும் என 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு அறிவித்தது. அரசுப் பள்ளியினின்று மருத்துவம் புகுவார்க்கு அது முதல் திங்களிலேயே, தமிழ்99 விசைகள் பொறித்த பலகையோடும் கலைச்சொல் தொகுப்போடும் கிடைத்தல் வேண்டும். 2019இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம் தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழிக்கும் கணினித் திறனுக்கும் இடம் வகுத்தது. கல்லூரிகள் அவ்விரண்டையும் ஒரே வகுப்பாக்கிக் கணினியில் தமிழைக் கற்பிக்கட்டும். வாழ்த்துத் தட்டிகள் கட்டும் ஊரார், அச்செலவைத் திரட்டி நன்னிலையிலுள்ள கணினி ஒன்றை அம்மாணவர்க்கு வாங்கித் தரட்டும்.

தறியோசையிடையே படித்து மருத்துவம் எய்திய பிள்ளை, கருவியின்மையால் முதலாண்டிலேயே பின்தங்குதல் கூடாது. கருவி பெற்றபின் தன் தாயின் நோயைத் தாய்மொழியில் கேட்டறிய மாட்டாத மருத்துவராய்த் திரும்புதலும் கூடாது. பெற்றோரும் ஆசிரியரும் ஊராரும் இன்றே முனைக!