பேரம் பேசத் தெரியுமா உங்கள் பிள்ளைக்கு?

பத்து வயசுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினால், கடைக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறது. 'கேட்கக் கூச்சமா இருந்துச்சும்மா' என்கிறது. புளியந்தோப்பில் வைத்தியத்துக்கு வரும் தாய்மார்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கடையில் வாய் திறக்காத அதே பிள்ளைதான், 'எங்கே வலிக்குது?' என்று நான் கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கிறது.

பேரம் என்றால் விலையைக் குறைப்பது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். முதலில் பொருளைப் பார்க்கத் தெரிய வேண்டும். காசிமேட்டு ஏலத்தில் கூடை எடுத்து நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவிடம் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கட்டும். சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளபளவென்று துருத்தி நிற்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை எழும்ப வேண்டும். ஐஸில் வைக்காமல் கெட்டுப்போன காணாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களில் உண்டாகும் ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்துப் போகும். அந்த மீனைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிய வேண்டாமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வஞ்சிரம் விலை ஏறினால் அது அந்தம்மாவின் பேராசை அல்ல. இதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிக்காது. கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்கட்டும், போதும். சாயங்காலம் வாடின கட்டைக் காலை விலைக்குச் சொன்னால், 'பாத்துக் குடுங்க ஆயா' என்று மரியாதையாகக் கேட்கட்டும். 'கட்டுப்படியாகாது கண்ணு' என்றால் முகம் சுளிக்காமல் நகரவும் பழகட்டும்.

கறாராகக் கேட்க வேண்டிய இடம் வேறு. பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. குறைத்து விற்கலாம், கூட்டி விற்கக் கூடாது. கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' என்று இரண்டு ரூபாய் கூடக் கேட்டால், அச்சடித்த விலையைப் பிள்ளை காட்டட்டும். (கீரைக்காரம்மாவிடம் காட்டும் வீரத்தை நம் பெரியவர்கள் அங்கே காட்டுவதில்லை!) எலெக்ட்ரானிக் தராசு என்றால், தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பார்க்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஐம்பது ரூபாயைக் கையில் கொடுத்து, இரண்டு கடையில் விலை விசாரித்துக் காய் வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் குறுக்கே பேசாதீர்கள். அம்மாக்களுக்கு அதுதான் கொஞ்சம் கஷ்டம்.