முத்திரையிட்ட உறையும் ஒரு தொலைக்காட்சி இதழாளரும்

நம் துறையில் இதழியல் தாள் பயிலும் மாணவச் செல்வங்களை நோக்கி, 'படிப்பு முடிந்தபின் என்னவாக விரும்புகிறீர்கள்?' என வினவினால், தொலைக்காட்சியில் அரசியல் நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்போர் பலராவர். அமைச்சர் ஒருவரைத் திணறச் செய்யும் வினாவைத் தொடுப்பதே அத்தொழிலின் உச்சம் என்பது அவர்தம் எண்ணம். அவ்வார்வத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அத்தொழிலுக்கு இலக்கணம் வகுத்தவருள் முதல்வராக எண்ணப்படும் அமெரிக்கர் எட்வர்ட் மர்ரோவின் வாழ்வை உற்று நோக்குவோர்க்கு, உச்சம் வேறோர் இடத்தில் இருப்பது புலனாகும்.

மர்ரோ 1908ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் ஓர் எளிய உழவர் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே அக்குடும்பம் நாட்டின் மறுகோடியாகிய வாஷிங்டன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. மரம் வெட்டும் முகாம்களில் உழைத்துப் பொருளீட்டி, அம்மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, பேச்சுக் கலையைப் பாடமாகக் கொண்டு 1930இல் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன். இளம்பிள்ளை வாதத்தால் உடல் நலிந்தவர். குரலையும் சொல்லையும் ஆள்வதில் நிகரற்றவர். பின்னாளில் மர்ரோ லண்டனிலிருந்து வானொலியிற் பேசத் தொடங்கியபோது, தொடக்கத் தொடரில் 'இது' என்னும் சொல்லுக்குப் பின் சற்றே நிறுத்துமாறு அறிவுறுத்தியவர் அவரே. 'இது... லண்டன்' என்ற அந்த இடைநிறுத்தம் உலகப் புகழ் பெற்றது. அந்த ஒரு கணத்து மௌனம் ஓர் ஆசிரியை தந்த கொடை என்பதை இக்கல்லூரியின் ஆசிரியப் பெருமக்கள் எண்ணி மகிழலாம்.

வானொலிக்கு வருமுன் மர்ரோ செய்த பணியொன்றைப் பலர் அறியார். இட்லரின் ஆட்சியில் பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தப்பட்ட செருமானிய அறிஞர்களுக்கு அமெரிக்காவில் இடம் தேடித் தரும் குழுவில் அவர் துணைச் செயலராக இருந்தார். அக்குழுவினால் முந்நூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் உதவி பெற்றனர். 1935இல் சி.பி.எஸ். நிறுவனத்திற் சேர்ந்தார், 1937இல் லண்டன் சென்றார். வியன்னா நகருக்குள் இட்லரின் படை புகுந்ததை 1938 மார்ச்சில் அந்நகரிலிருந்தே கூறினார். லண்டன் மீது குண்டுமழை பொழிந்த நாள்களில் கட்டட மாடிகளின் மேல் நின்று, கண்டதைக் கண்டவாறே உரைத்தார். 1945 ஏப்ரலில் பூகன்வால்ட் வதைமுகாமிற் கண்டவற்றையும் மிகையின்றிச் சொன்னார். புகழ் அவருக்குப் போரினால் வந்தது. சோதனை அமைதிக் காலத்திலேதான் வந்தது.

1950 பிப்ரவரியில், அரசுத் துறைக்குள் ஊடுருவிய பொதுவுடைமையரின் பட்டியல் தம் கையில் உள்ளது என்று முழங்கிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பெயரால் ஓர் அச்சக் காலமே தோன்றிற்று. குற்றச்சாட்டே தீர்ப்பாயிற்று, ஐயமே சான்றாயிற்று. மர்ரோவின் 'சீ இட் நவ்' என்னும் வாராந்தர நிகழ்ச்சி 1951 நவம்பரில் தொடங்கியது. நண்பர் பிரெட் பிரெண்ட்லி அதில் அவருக்கு இணைத் தயாரிப்பாளர். தொடங்கிய நாள்தொட்டு ஏறத்தாழ ஈராண்டுகள் அந்நிகழ்ச்சி இவ்வச்சத்தை நேர்நின்று எதிர்க்கவில்லை. அதுமட்டுமன்று, ஊழியர்களின் அரசு விசுவாசத்தை எழுத்தில் உறுதி செய்யுமாறு 1950இல் சி.பி.எஸ். கேட்டபோது மர்ரோவும் கையொப்பமிட்டவரே. பெரியோரைப் போற்றும் கட்டுரைகள் இதனை மறைத்துவிடுவது வழக்கம். நாம் மறைக்க விரும்பவில்லை.

1953இல் டெட்ராய்ட் நகரத்துச் செய்தித்தாளிற் சிறு செய்தியொன்று வெளிவந்தது. மிலோ ரடுலோவிச் என்பவர் விமானப்படைச் சேமப் பிரிவில் அலுவலர், இருபத்தாறு வயதினர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர். நாட்டின் பாதுகாப்புக்கு இடையூறானவர் என்று கூறி அவரை நீக்க முற்பட்டனர். அவர் செய்த குற்றம் யாது? அவர் எதுவும் செய்ததாக எவரும் கூறவில்லை. குடியேறியவரான அவருடைய முதிய தந்தை தம் தாய்மொழியாகிய செர்பியத்தில் வெளிவந்த செய்தித்தாளைப் படித்தார். தமக்கையின் அரசியற் கருத்துகள் ஐயத்துக்குரியவை. இவையே காரணம். விசாரணையில் சான்றுகள் முத்திரையிட்ட உறையொன்றில் இருந்தன. அவ்வுறைக்குள் இருந்ததைக் காணும் உரிமை அவருக்கும் இல்லை. அவர்தம் வழக்கறிஞர்க்கும் இல்லை. தந்தையின் வாசிப்புக்காக மகன் தண்டிக்கப்படுவதும், குற்றம் இன்னதென அறியாமலே ஒருவன் தன்னைக் குற்றமற்றவன் என மெய்ப்பிக்க வேண்டியிருப்பதும் எத்துணைக் கொடுமை என்பதை விளக்கவும் வேண்டுமோ?

மர்ரோ குழுவினர் அவ்வூருக்குச் சென்று, மகனையும் தந்தையையும் தமக்கையையும் அண்டை அயலாரையும் பேசச் செய்து படம் பிடித்தனர். 1953 அக்டோபர் 20ஆம் நாள் அது ஒளிபரப்பாயிற்று. நாளிதழில் விளம்பரம் தர நிறுவனம் முன்வராமையால், மர்ரோவும் பிரெண்ட்லியும் தம் கைப்பொருளைச் செலவிட்டனர். அடுத்த மாதமே விமானப்படை தன் முடிவை மாற்றிக்கொண்டது. ரடுலோவிச்சின் பதவி நிலைத்தது.

மர்ரோவின் பெயரைக் கேட்டவுடன் யாவரும் நினைப்பது 1954 மார்ச் 9ஆம் நாள் நிகழ்ச்சியையே. மெக்கார்த்தியின் பேச்சுகளையே தொகுத்துக் காட்டி, அவற்றின் அருகில் உண்மைகளை வைத்து, அவர் தம் வாயாலேயே வெளிப்படுமாறு செய்த நிகழ்ச்சி அது. அஞ்சாமை மிக்க செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பல பேச்சுகளிலிருந்து தமக்கு வேண்டியவற்றை வெட்டி ஒட்டுவது முறைதானா என மெக்கார்த்தியை வெறுத்தவர்களிடையிலும் சிலர் அன்றே வினவினர். அவ்வினாவில் நியாயம் உண்டு. அதே கருவி நாளை நல்லவர் ஒருவர் மீதும் பாயக்கூடும் அன்றோ? மேலும், செய்தித்தாள்களிலும் கேலிச்சித்திரங்களிலும் மெக்கார்த்தியைத் துணிந்து எதிர்த்தோர் நான்காண்டுகளாகவே இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் செனட் 67க்கு 22 என்ற வாக்குகளால் அவரைக் கண்டித்ததற்கு, இராணுவத்தோடு அவர் மோதிய விசாரணை முதலான வேறு காரணங்களும் இருந்தன. ஆகவே, வல்லவன் ஒருவனைச் சாய்த்த மார்ச் நிகழ்ச்சியினும், பெயர் தெரியாத எளியவன் ஒருவனைக் காத்த அக்டோபர் நிகழ்ச்சியே மேலானது என்பது நம் துணிபு. அதில் தாக்குதற்கு எதிரி இல்லை. உறையைப் பிரித்துக் காட்டுமாறு கேட்கும் நேர்மை மட்டுமே இருந்தது.

மெக்கார்த்திக்கு மறுமொழி கூற நேரம் வழங்கப்பட்டது. ஏப்ரல் 6ஆம் நாள் அவர் மர்ரோவையே குற்றவாளியாக்க முற்பட்டார். கல்விப் பரிமாற்ற நிறுவனத்தில் மர்ரோ இருந்த நாளில், 1935ஆம் ஆண்டுக்கென மாஸ்கோவில் கோடைக்காலப் பள்ளி ஒன்று திட்டமிடப்பட்டதாம், அதுவே சான்று! படிப்புக்குத் துணைநின்ற பணியையும் பழியாகத் திரிப்பது எளிதென்பதற்கு வேறு காட்டு வேண்டா.

பின் நிகழ்ந்தவை துயரமானவை. 1955இல் அறுபத்து நாலாயிரம் டாலர் பரிசளிக்கும் வினாடி வினாப் போட்டி மர்ரோவின் நிகழ்ச்சிக்குச் சற்று முன் இடம்பெற்றது. மக்கள் திரண்டனர், நேரத்தின் விலை ஏறிற்று. அல்கோவா அலுமினிய நிறுவனம் ஆதரவை விலக்கிக்கொண்டது. வாரந்தோறும் வந்த நிகழ்ச்சி எப்போதாவது வருவதாகி, 1958இல் நின்றே போயிற்று. அச்சுறுத்தல் செய்ய இயலாததை வருவாய்க் கணக்கு செய்து முடித்தது. (நடிகையர் இல்லத்திற்கே படக்கருவியைக் கொண்டு சென்று உரையாடிய மர்ரோவின் மற்றொரு நிகழ்ச்சி 1959 வரை செழித்திருந்தது!) அவ்வாண்டுகளின் வினாடி வினாப் போட்டிகள் சிலவற்றில் விடைகள் முன்னரே சொல்லித் தரப்பட்டமை பின்பு வெளிப்பட்டது.

1960 நவம்பரில், ஊர் ஊராய் அலைந்து அறுவடை செய்யும் கூலித் தொழிலாளர்களின் வறுமையை, நன்றி தெரிவிக்கும் விருந்து நாளுக்கு மறுநாள் அவர் காட்டினார். உண்டு களித்தோர் நெஞ்சம் குறுகுறுத்திருக்கும். ஆனால் 1961இல் கென்னடியின் அழைப்பை ஏற்று அரசின் தகவல் முகமைக்குத் தலைவரானபின், அதே படத்தை பி.பி.சி. ஒளிபரப்ப வேண்டா எனத் தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொண்டவரும் அவரே! பி.பி.சி. இணங்கவில்லை, படம் ஒளிபரப்பாயிற்று. நாற்காலி மாறியவுடன் நாவும் மாறுமாயின், இதழாளன் அரசுப் பதவியை ஏற்பது தகுமோ என்ற வினாவை நம் மாணவர்கள் முன் வைக்கிறோம். மர்ரோ போன்ற ஒருவரே இடறிய இடம் அது.

புகையிலைக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1955இலேயே தம் நிகழ்ச்சியில் காட்டிய அவர், புகைப்பதை விட்டாரில்லை. அந்நோயினாலேயே 1965 ஏப்ரல் 27ஆம் நாள், ஐம்பத்தேழாம் அகவையில் மறைந்தார். ரடுலோவிச் அவருக்குப்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். வானிலை ஆய்வே அவர்தம் தொழில், அதனையே செய்துகொண்டிருந்தார்.