2.14 டாலர் வரிக்கு ஐந்து வருஷம் சிறையா?

அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் தயாரிக்கலாம். வைனும் போட்டுக்கொள்ளலாம். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு, சொந்த உபயோகம் என்றால், வருஷம் 200 காலன் வரை வரியே கிடையாது. பியருக்கு இந்தச் சலுகை 1978-ல் போட்ட சட்டத்தில் வந்தது. ஆனால் அதே வைனை அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குளிரவைத்து ஒரே ஒரு டம்ளர் பிராந்தி இறக்கினால்? ஐந்து வருஷம் வரை சிறை, பத்தாயிரம் டாலர் வரை அபராதம்!

குடி கெடுதல் என்பதற்காக வந்த சட்டமோ என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். இது அப்பட்டமான வரிச் சட்டம். உள்நாட்டுப் போர்க் கடனை அடைக்க அரசு மதுவரியைப் பெரிதாக நம்பியிருந்த காலத்தில், 1868-ல் வந்த தடை. வீட்டிலோ, கொல்லையிலோ, வீட்டை ஒட்டிய கொட்டகையிலோ காய்ச்சக் கூடாது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பாதிக்குப் பாதி ஆல்கஹால் இருக்கும் ஒரு காலன் சரக்குக்கு மத்திய அரசின் வரி 13.50 டாலர். கடையில் விற்கும் 40 சதவீத, 750 மில்லி பாட்டிலுக்கு அது 2.14 டாலர் ஆகிறது. இதைக் காப்பாற்றத்தான் ஐந்து வருஷச் சிறை. அதைவிட வேடிக்கை, "இந்தாருங்கள் வரி, என்னைக் காய்ச்ச விடுங்கள்" என்று ஒருவர் பணத்தோடு போய் நின்றாலும் வீட்டில் காய்ச்ச அனுமதி கிடைக்காது. வரிக்காகப் போட்ட சட்டம், வரியே வேண்டாம் என்கிறது!

அரசுத் தரப்பு சொல்லும் காரணம் ஒன்றுதான்: வீட்டுக்குள் காய்ச்சினால் கண்டுபிடிக்க முடியாது, வரி ஏய்ப்பார்கள். அப்படியா? 1961-ல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் நடந்ததைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு மூட்டை மூட்டையாகச் சர்க்கரை போவதை வரித்துறையினர் கவனித்தார்கள். விடியற்காலை நாலு மணிக்குத் தெருவில் நடந்தபோது ஊறல் வாசனை மூக்கைத் துளைத்தது. வாரண்ட் வாங்கி உள்ளே போனார்கள், பிடித்தார்கள். அந்த வாரண்டுக்குக் கொடுத்த பிரமாண வாக்குமூலம் போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 1965 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. வாக்குமூலத்தைச் சாதாரண அறிவோடு படித்தால் போதும் என்றார் நீதிபதி கோல்ட்பர்க். சரி, மூட்டைக் கணக்கில் சர்க்கரை இறக்கியவர் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சியிருக்க மாட்டார். பிடிபட்டது நியாயமே. ஆனால் நடைபாதையில் போனவர்களின் மூக்கே காட்டிக் கொடுத்த பிறகு, "கண்டுபிடிக்க முடியாது" என்ற வாதம் என்ன ஆவது?

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது, கெய்னி வழக்கில். சாராய அடுப்புப் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்து, ஏன் நின்றார் என்று விளக்கம் தராவிட்டால், அவர் தொழில் நடத்தினார் என்று ஜூரி முடிவுகட்டலாம் என்ற சட்டப்பிரிவு அதில் செல்லும் என்றானது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசு. இங்கேயோ வாயைத் திறக்காமல் இருக்கும் உரிமையே ஒருவருக்கு எதிராகத் திரும்புகிறது. நீதிபதி பிளாக் இதை எதிர்த்துத்தான் தனித் தீர்ப்பு எழுதினார். அதே வருஷம் நவம்பரில் ரொமானோ வழக்கில், பக்கத்தில் நின்றதை வைத்து அடுப்பே அவருடையது என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் பாதி தூரம் திரும்பி வந்தது. வரி வசூலிக்கும் வசதிக்காகக் குற்றவியல் நியாயத்தின் அடிப்படையே வளைக்கப்படுவதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

"கள்ளக்குறிச்சியை மறந்தாச்சா?" என்று கேட்பீர்கள். மறக்க முடியாது. 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால் கலந்த சரக்கு. சர்க்கரை ஊறலில் தானாக உண்டாகும் மெத்தனால் மிக மிகக் குறைவு. கொத்துக் கொத்தாகக் கொல்வது லாபத்துக்காகத் தொழிற்சாலை ரசாயனத்தைக் கலந்து விற்கும் வியாபாரம். அவனைப் பிடியுங்கள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் போடுங்கள். தன் வீட்டில், தனக்காக, விற்காமல் காய்ச்சுகிறவர் அவனும் இல்லை, அவன் கூட்டாளியும் இல்லை. தீப்பிடிக்கும் ஆபத்து நிஜம்தான். அதற்குப் பாதுகாப்பு விதி போடலாமே! நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சுவது குற்றமில்லை.

2024 ஜூலையில் டெக்சாஸ் நீதிபதி மார்க் பிட்மன், வரி விதிக்கும் அதிகாரத்தில் இந்தத் தடை அடங்காது என்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. எந்த நீதிமன்றம் என்ன சொன்னாலும் நியாயம் ஒன்றுதான். வரி வேண்டுமா, அளவு வைத்து உரிமம் கொடுத்து வசூலியுங்கள். கட்டாதவருக்கு அபராதம் போடுங்கள். 2.14 டாலருக்காக ஒரு மனிதனின் ஐந்து வருஷத்தை எடுத்துக்கொள்ளும் அரசுக்குக் கணக்கும் தெரியவில்லை, நியாயமும் தெரியவில்லை.