எண்ணெய் தேய்க்கிற படிப்பா இது?



பெண் பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்க ஆசைப்படாத தாய் இல்லை. நர்ஸ் படிப்பு, டீச்சர் டிரெயினிங் என்றாலும் ஊர் ஒப்புக்கொள்கிறது. ஆனால் பிசியோதெரபி என்றால் மட்டும் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. அதிலும் 'பி.பி.டி. முடித்துவிட்டேன், அடுத்து எம்.பி.டி.க்கு மனு போடப் போகிறேன்' என்று ஒரு பெண் வாய் திறந்தால் போச்சு! 'கை கால் பிடிச்சு விடுறதுக்கு ஒரு பட்டம் போதாதா?' என்று கேட்கிறார்கள். இந்தப் பேச்சால் எத்தனையோ பெண்களின் மேற்படிப்பு மனுவோடு நின்றுபோகிறது. இது சரியில்லை என்பது என் கருத்து.

நாங்கள் இருப்பது குற்றாலம் ஐந்தருவிப் பக்கம். என் கணவர் பழக்கடை வைத்திருக்கிறார். சாரல் அடித்தால்தான் வியாபாரம்; மற்ற மாதங்களில் கையைக் கடிக்கும். அந்த வருமானத்தில்தான் மூத்த மகளை பி.பி.டி. படிக்க வைத்தோம். நாலு வருஷப் படிப்பு, ஆறு மாசம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. இப்போது நரம்பியல் பிரிவில் எம்.பி.டி. சேர மனு தயார் செய்துகொண்டிருக்கிறாள். அதே நேரத்தில் ஒரு வரனும் வந்திருக்கிறது. பையனின் அம்மா, 'மேல படிக்கணும்னா எங்களுக்குத் தோதுப்படாது' என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் நாத்தனாரோ, "ஏளா, அஞ்சருவியில மசாஜ் பண்ணுதவன் எந்தக் காலேஜ்ல படிச்சான்? நம்ம புள்ளைக்கு மட்டும் எதுக்கு ரெண்டு பட்டம்?" என்று கேலி செய்கிறார்.

மசாஜ் செய்து பிழைப்பவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் அது பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிற தொழில். எண்ணெய் தேய்த்து உருவி விட்டால் அலுப்புத் தீரும். அருவித் தண்ணீர் தோளில் விழுந்தால் அதுவும் ஒரு சுகம்தான். ஆனால் அலுப்பு வேறு, நோய் வேறு அல்லவா? எந்தத் தசை எந்த நரம்பால் இயங்குகிறது, எந்த மூட்டை எவ்வளவு மடக்கலாம், யாருக்கு எந்தப் பயிற்சி கொடுத்தால் ஆபத்து என்று தெரிந்து செய்வதுதான் பிசியோதெரபி. தமிழில் இயன்முறை மருத்துவம் என்கிறார்கள். மசாஜ் இதில் ஒரு சின்னப் பகுதி, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்கள்கூட உண்டு. தூக்கி உட்கார வைக்கும்போதெல்லாம் விழுந்த கையைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். லீவுக்கு வந்த என் மகள் அதைப் பார்த்துப் பதறிவிட்டாள். "அந்தக் கையை இழுக்காதீங்க பெரியம்மா. தசை பிடிப்பு இல்லாததால தோள் மூட்டு நழுவிரும். அப்புறம் வலியில பயிற்சியே செய்ய முடியாது" என்றாள். கையைத் தலையணை மேல் தாங்கலாக வைப்பது, படுக்கைப் புண் வராமல் 2 மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, உட்காருவது, எழுந்து நிற்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையில் கெட்டுப்போன பகுதியின் வேலையை மற்ற பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளுமாம். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம். அந்த நாட்களை வீணாக்கக் கூடாதாம். அந்தப் பெரியம்மாவுக்குக் கை முழுக்கச் சரியாகவில்லை. ஆனால் இன்று ஊன்றுகோலோடு தானே கழிவறைக்குப் போய் வருகிறார். 'இன்னொருத்தர் தயவில்லாம போய் வாரேன் தாயி' என்று அவர் சொல்லும்போது அதன் அருமை எனக்குப் புரிகிறது.

வாசக சகோதரிகள் பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். இந்தப் படிப்பை ஒரு மதிப்புள்ள தொழிலாக நிலைநிறுத்தியதில் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1894-ல் லண்டனில் மசாஜ் என்ற பெயரில் தவறான காரியங்கள் நடப்பதாகப் பெரிய பரபரப்பு. அப்போது 4 நர்சுகள் ஒன்றுகூடி, முறையாகப் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதியவர்களுக்கு என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் வளர்ந்து இன்று இங்கிலாந்தின் பிசியோதெரபி சங்கமாக இருக்கிறது. என் நாத்தனார் இன்று கேட்பதை ஊரார் அன்றே கேட்டார்கள். அந்தப் பெண்கள் படிப்பாலும் தேர்வாலும் பதில் சொன்னார்கள்.

நம் வேலூர் சி.எம்.சி.யிலும் ஒரு பெண் இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இரண்டு கால்களும் செயலிழந்தன. அவர் வீட்டில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மடங்கிய விரலை நிமிர்த்த ஆபரேஷன் செய்து தசைநாணை இடம் மாற்றி வைத்தால் மட்டும் போதாது. அந்த விரலை மறுபடி அசைக்கப் பழக்குவது பிசியோதெரபிதான். இப்படிப்பட்டவரே ஒரு பட்டம் போதும் என்று நின்றுவிடவில்லையே!

அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் 1975-ல் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஊனமுற்ற 5 குழந்தைகளோடு ஒரு கூரைக் கொட்டகையில் ஆரம்பித்தது இன்று பெரிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. 2020-ல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கழுத்து நிற்காத குழந்தை, உட்கார வேண்டிய மாதத்தில் உட்காராத குழந்தை என்று கிராமம் கிராமமாகக் கண்டுபிடித்து, சின்ன வயதிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். இதற்கெல்லாம் படித்த கைகள் வேண்டும் அல்லவா?

அடுத்தது, யாரும் உரக்கச் சொல்லாமல் காதோடு காதாகச் சொல்வது. 'ஆம்பளையைத் தொட்டு வைத்தியம் பார்க்கணுமே!' டாக்டரம்மா தொடவில்லையா? நர்ஸ் தொடவில்லையா? நோயாளி என்று வந்தபின் ஆண் என்ன, பெண் என்ன? இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 2 பிள்ளை பெற்றபின் இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று எத்தனை பெண்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவிக்கிறோம்! இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை முறையாகச் செய்தால் பெரும்பாலோருக்கு நல்ல குணம் தெரியும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கை வீங்கிவிட்டால் அதற்கும் பயிற்சி உண்டு. இதையெல்லாம் ஒரு ஆணிடம் போய்க் காட்டக் கூசுகிறவர்கள் நாம்தான். நம் பெண்களை இதில் படிக்க அனுப்ப மறுப்பவர்களும் நாம்தான். பிறகு நமக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்?

'சம்பளம் எங்கே வருது?' என்பது நியாயமான கேள்வி. பி.பி.டி. மட்டும் முடித்தவர்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் குறைவுதான். அதனால்தான் மேற்படிப்பு வேண்டும் என்கிறேன். கல்லூரியில் பாடம் எடுக்க எம்.பி.டி. வேண்டும். நரம்பு, எலும்பு மூட்டு, இதயம்-நுரையீரல், குழந்தைகள், விளையாட்டு என்று ஒரு பிரிவில் தேர்ந்தவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் வாய்ப்பு கூடுகிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அதே 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இந்தத் தொழிலையும் முறைப்படுத்தித் தேசிய ஆணையத்தின் கீழ்க் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே இது எதிர்காலம் இல்லாத படிப்பு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

மகள் மனு போடும்போது கூட இருந்து பார்த்ததில் நான் தெரிந்துகொண்டதை, மற்ற தாய்மார்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எம்.பி.டி. 2 வருஷப் படிப்பு. ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எந்தப் பிரிவு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தோழி சேருகிறாள் என்பதற்காகச் சேரக் கூடாது. பயிற்சிக் காலத்தில் எந்த வார்டில் நேரம் போனதே தெரியவில்லையோ, அதுதான் அவளுக்கான பிரிவு.

கல்லூரி, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலோ வேறு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்திலோ இணைந்ததா, நாம் கேட்கும் பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திடமே விசாரிக்க வேண்டும். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி உண்டா, தினமும் நோயாளிகள் வருகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். கட்டடம் பளபளப்பாக இருந்து வார்டு காலியாக இருந்தால் அங்கே பிள்ளை என்ன படிக்கும்? விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2 வருஷத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பட்டச் சான்று அல்லது தற்காலிகச் சான்று, எல்லா வருஷ மதிப்பெண் பட்டியல்கள், பயிற்சி முடித்த சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களிடம் இடப்பெயர்வுச் சான்றும் தகுதிச் சான்றும் கேட்பார்கள். அவை வர நாளாகும் என்பதால் முதலிலேயே மனு செய்வது நல்லது. சேர்க்கை விதிகள் மாறுவதுண்டு. போன வருஷம் சேர்ந்தவர் சொன்னார் என்று இருந்துவிடாமல் அந்த வருஷத்துத் தகவல் கையேட்டைப் படியுங்கள். பணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் கேட்கலாம். படிப்புக் காலமும் அதன் பிறகு சில மாதங்களும் தவணை கட்ட அவகாசம் தருகிறார்கள்.

'வெளிநாட்டு மாப்பிள்ளை அமைஞ்சா அங்க போய் வேலை பார்த்துக்கலாம்' என்று நினைக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இந்தப் படிப்பே டாக்டர் பட்ட அளவில்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டத்தை வைத்து நேராக வேலைக்குப் போக முடியாது. படித்த பாடங்களை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகு, தனியாக ஒரு தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். குறைந்த படிப்போடு போய் அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். இங்கே இருந்தாலும் அங்கே போனாலும், படித்தது வீண் போகாது.

கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 22 வயதில் பி.பி.டி. முடிக்கிற பெண், 24, 25-ல் எம்.பி.டி.யையும் முடித்துவிடுவாள். அதற்குள் என்ன குடி முழுகிவிடும்? வரன் வீட்டாருக்கு நாங்கள் பதில் சொல்லிவிட்டோம்: '2 வருஷம் பொறுத்தால் சந்தோஷம். பொறுக்க முடியாது என்றால், கல்யாணத்துக்குப் பிறகு படிக்க விட வேண்டும். இரண்டும் முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.' பதில் இன்னும் வரவில்லை. அவளுக்கென்று சேர்த்து வைத்த நகையில் 2 வளையலை அடகு வைத்தாவது முதல் வருஷக் கட்டணம் கட்டிவிடுவது என்று நானும் என் கணவரும் தீர்மானித்துவிட்டோம். வளையலை நாளைக்கு மீட்டுக்கொள்ளலாம். விட்டுப்போன படிப்பை மீட்க முடியுமா?

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிசியோதெரபி முடித்த பெண் மேற்படிப்புக்கு மனு போட்டால் கேலி பேசாதீர்கள். அவள் அப்பாவிடம் அவளுக்காக நாலு வார்த்தை பேசுங்கள். நாளைக்கு நம்மில் ஒருவர் கட்டிலில் விழுந்தால், நம்மைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி 'ஒரு அடி வைங்கம்மா' என்று சொல்லப் போவது அவள்தான்.

- ஒரு வாசகி, ஐந்தருவி, குற்றாலம்.